குதிரை நிற்கும்போது கடிகாரம் ஓடலாமா?

1892ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் இரு பேரரசுகளின் ராணுவ அதிகாரிகள் ஒரு பந்தயத்தில் இறங்கினர். ஜெர்மானியர்கள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரியர்கள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் குதிரையில் செல்ல வேண்டும். தொலைவு ஏறத்தாழ 580 கி.மீ. குறைந்த நேரத்தில் சென்று சேர்பவருக்கு முதற்பரிசு. ஆஸ்திரியத் தரப்பைச் சேர்ந்த கவுன்ட் ஸ்டார்ஹெம்பெர்க் 71 மணி நேரத்தைச் சற்றே கடந்த நிலையில் பெர்லினை அடைந்து வென்றார். அவரைச் சுமந்து சென்ற ஆதோஸ் என்ற குதிரை பந்தயம் முடிந்தபின் இறந்துபோனது. ஜெர்மானியர்களில் முதலில் வந்த ரைட்சென்ஸ்டைனின் குதிரையும் பிழைக்கவில்லை. மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அந்த ஒரு பந்தயத்தில் மாண்டன.

அந்த அதிகாரிகள் குதிரையை அறியாதவர்கள் அல்லர். குதிரைக்கு எப்போது தண்ணீர் காட்ட வேண்டும், எப்போது சேணத்தைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் இளமையிலேயே பழகியவர்கள். ஆனால், பந்தயத்தின் கடிகாரம் புறப்பட்ட நொடி முதல் சேரும் நொடி வரை இடைவிடாமல் ஓடியது. வழியில் குதிரை ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேரமும் சவாரியாளரின் கணக்கில் கடனாக ஏறியது. எதிராளி நிற்கிறாரா, நிற்கவில்லையா என்பது தெரியாது. தெரியாத நிலையில், நிற்காமல் போவதுதான் பாதுகாப்பான முடிவாகத் தோன்றும். ஓய்வு என்பது தனிமனிதனின் விருப்பமாகவும், அவனுடைய இழப்பாகவும் இருந்த பந்தயம் அது. அதற்கான விலையைச் செலுத்தியவை குதிரைகள்.

இன்று ‘எண்டூரன்ஸ்’ என்று வழங்கப்படும் தாங்குதிறன் குதிரைச் சவாரிப் போட்டி, அந்தப் பந்தயத்தின் நேர் வாரிசு என்று சொல்ல முடியாது. என்றாலும், ஒரே நாளில் 80, 120, 160 கி.மீ. என்று குதிரையை ஓட்டிச் செல்லும் இந்த விளையாட்டுக்கும் அதே ஆபத்து உண்டு. அந்த ஆபத்தை அது எதிர்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. கடிகாரத்தை எப்போது ஓட விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை மாற்றியதன் மூலம், சவாரியாளரின் தன்னலத்தையே குதிரையின் காவலாக அது ஆக்கிவிட்டது. முழுமையாக அல்ல, பெருமளவுக்கு. எந்த இடத்தில் அது முழுமை பெறவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மூன்று வகை நேரம்

பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் 160 கி.மீ. போட்டி பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தச் சுற்றும் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரை முகாமுக்குத் திரும்புகிறது. அங்கே கால்நடை மருத்துவர்கள் காத்திருக்கும் பரிசோதனை வாயில் இருக்கிறது. வந்து சேர்ந்த நேரம் குறிக்கப்படுகிறது. ஆனால், கடிகாரம் நிற்பதில்லை. சேணத்தைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, குதிரையின் இதயத்துடிப்பைத் தணித்து வாயிலுக்குள் கொண்டுசெல்லும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். வந்ததிலிருந்து 15 நிமிடங்களுக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கியிருக்க வேண்டும். வாயிலில் நுழையும் நொடியில்தான் அந்தச் சுற்றுக்கான கடிகாரம் நிற்கும். முதல்முறை துடிப்பு அளவைத் தாண்டியிருந்தால், கால வரம்புக்குள் இன்னொரு முறை கொண்டுவரலாம்; அதற்கு ஆகும் நிமிடங்களும் சவாரி நேரத்திலேயே சேரும். இரண்டாவது முறையும் தவறினால் போட்டி அத்துடன் முடிந்தது.

வாயிலில் நுழைந்த நேரத்திலிருந்து கட்டாய ஓய்வு தொடங்குகிறது. பொதுவாக 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. இந்த நேரம் சவாரிக் கணக்கில் சேராது. ஓய்வு முடிந்து எந்த நிமிடத்தில் புறப்படலாம் என்று எழுதித் தரப்படும். அதற்கு முன்னால் புறப்பட முடியாது. பின்னால் புறப்பட்டால், தாமதமான ஒவ்வொரு நிமிடமும் அடுத்த சுற்றின் நேரத்தோடு சேர்ந்துவிடும்.

ஆக, இந்தப் போட்டியில் மூன்று வகை நேரம் உண்டு. ஓடும் நேரம் கணக்கில் சேரும். தணியும் நேரமும் கணக்கில் சேரும். இளைப்பாறும் நேரம் மட்டும் சேராது. ஓய்வு அனைவருக்கும் சம அளவில் கட்டாயமாக்கப்பட்டுவிட்டதால், அதைத் தவிர்த்து யாரும் முந்த முடியாது. அதைத் தந்ததால் யாரும் பின்தங்குவதும் இல்லை. வியன்னா அதிகாரிகளுக்கு இல்லாத நிம்மதி இது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 30 கி.மீ. கொண்ட ஒரு சுற்று. முதல் சவாரியாளர் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஓட்டி 100 நிமிடத்தில் முகாமை அடைகிறார். இரண்டாமவர் மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் வருகிறார், 106 நிமிடம் ஆகிறது. பார்ப்பவர்களுக்கு முதலாமவர் 6 நிமிடம் முன்னால் இருப்பதாகத் தோன்றும். ஆனால், வேகமாக வந்த குதிரையின் துடிப்பு 64க்கு இறங்க 12 நிமிடம் பிடிக்கிறது. நிதானமாக வந்த குதிரைக்கு 3 நிமிடமே போதும். முதலாமவரின் சுற்று நேரம் 112 நிமிடம்; இரண்டாமவருடையது 109. பின்னால் வந்தவர் 3 நிமிடம் முந்திப் புறப்பட்டுப் போகிறார். இதுவே ஐந்து வாயில்களிலும் நடந்தால் 15 நிமிட இடைவெளி. அந்த வேகத்தில் அது 4 கி.மீ.க்கும் மேற்பட்ட தூரம். முதலாமவர் எந்த விதியையும் மீறவில்லை என்பதையும், அவருடைய குதிரை ஒவ்வொரு சோதனையிலும் தேறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் பாதையில் தோற்கவில்லை. நின்ற இடத்தில் தோற்றார்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பதை எண்களில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். அனுபவமுள்ள சவாரியாளர்கள் முகாம் கண்ணில் படும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவதும், கடைசிச் சில நூறு மீட்டரை இறங்கி நடந்தே கடப்பதும் இதனால்தான். புதியவர்களோ கூடியிருக்கும் கூட்டத்தைக் கண்டதும் நாலுகால் பாய்ச்சலில் நுழைவார்கள். அந்தப் பாய்ச்சலில் மிச்சமாவது அரை நிமிடம். செலவாவது நான்கைந்து நிமிடம்.

வெப்பம் என்னும் தடை

துடிப்பு ஏன் ஒரு குதிரையில் 3 நிமிடத்திலும் இன்னொன்றில் 12 நிமிடத்திலும் தணிகிறது? வளர்ந்த குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கிறது. சீரான ஓட்டத்தில் அது 120, 140 என்று ஏறும். உச்ச வேகத்தில் 220ஐயும் தாண்டக்கூடும். ஓட்டம் நின்றதும் முதல் ஓரிரு நிமிடங்களில் துடிப்பு மளமளவென்று சரியும். தசைகள் கேட்ட ஆக்சிஜன் தேவை குறைந்துவிட்டதன் விளைவு அது. அதன்பின் சரிவு மெதுவாகிறது. இந்த இரண்டாம் கட்டத்தில் இதயம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. உடலின் உள்ளே தேங்கிய வெப்பத்தை ரத்தத்தின் வழியாகத் தோலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை.

தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவானதே இயக்கமாக மாறுகிறது. மீதி முழுவதும் வெப்பம். சுமார் 400 கிலோ எடையுள்ள விலங்கின் உடலில் பிறக்கும் வெப்பம், எடையோடு ஒப்பிட்டால் நம்முடையதைவிடச் சிறிய தோற்பரப்பு வழியாக வெளியேற வேண்டும். அதனால் குதிரை மிகுதியாக வியர்க்கிறது. கடுமையான உழைப்பில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட இழக்க முடியும். அந்த வியர்வை மனித வியர்வையைப் போன்றதன்று. நம் வியர்வையில் உப்பு ரத்தத்தைவிடக் குறைவு. குதிரையின் வியர்வையிலோ ரத்தத்துக்கு இணையாக, சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவே, சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் உண்டு.

இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. நீரை மட்டும் இழக்கும்போது ரத்தத்தில் உப்பின் செறிவு கூடும். மூளை அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டும். நீரும் உப்பும் ஒருசேர வெளியேறும்போது செறிவு மாறுவதே இல்லை. உடல் வறண்டுகொண்டிருக்கும், குதிரைக்குத் தாகம் எடுக்காது. முதல் 20, 30 கி.மீ. வரை தொட்டியருகே கொண்டு நிறுத்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரைகளைப் பற்றிச் சவாரியாளர்கள் அடிக்கடி சொல்வது வெறும் பிடிவாதக் கதையன்று. நீர் குறைய ரத்தத்தின் கன அளவு குறைகிறது. குறைந்த ரத்தத்தைக் கொண்டு தசைக்கும் தோலுக்கும் குடலுக்கும் வழங்க வேண்டுமானால் இதயம் வேகமாகத்தான் அடித்தாக வேண்டும். வாயிலில் துடிப்பு 70லேயே நின்றுகொண்டு இறங்க மறுக்கும் குதிரை, ‘நான் களைத்துவிட்டேன்’ என்று மட்டும் சொல்லவில்லை. உடல் காயவில்லை, சூடு இறங்கவில்லை என்பதற்கு மாறாக, உடல் காய்ந்துவிட்டது, சூடு இறங்கவில்லை என்று சொல்கிறது.

பாதையில் ஓடையோ தொட்டியோ வரும் இடங்களில் நிற்பது பற்றிய குழப்பமும் இதனால் தெளிவாகும். அந்த நிறுத்தங்கள் கட்டாயமானவை அல்ல; அவற்றுக்கான நேரம் சவாரிக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு சுற்றில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் நான்கு நிமிடம் போகிறது. ஆனால், குடித்து வந்த குதிரை வாயிலில் அந்த நான்கு நிமிடத்தைத் திருப்பித் தந்துவிடும், பெரும்பாலும் வட்டியோடு. குடிக்காமல் வந்த குதிரை முதல் வாயிலில் அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். மூன்றாவது வாயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் முறையிலும் ஒரு பழைய நம்பிக்கை தகர்ந்திருக்கிறது. சூடான தசைமேல் குளிர்ந்த நீர் பட்டால் பிடிப்பு உண்டாகும் என்று தலைமுறைகளாக அஞ்சினார்கள். கடும் வெப்பத்தை எதிர்பார்த்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள், குளிர்ந்த நீரைத் தாராளமாகத் தொடர்ந்து ஊற்றுவதே சூடேறிய குதிரையைக் காக்கும் என்று காட்டின. இன்று பெரிய போட்டிகளின் முகாம்களில் குதிரை நின்ற மறுகணம் நான்கைந்து உதவியாளர்கள் குடங்களோடும் புட்டிகளோடும் சூழ்ந்துகொள்வதைக் காணலாம். தேர்ந்த குழு ஒன்று மூன்று நிமிடத்தில் செய்வதைத் தனியாள் பத்து நிமிடத்தில்தான் செய்ய முடியும். பணம் படைத்தவருக்கு இந்த விளையாட்டு எங்கே சாதகமாகிறது என்று கேட்டால், குதிரையின் விலைக்கு அடுத்தபடி இந்த இடத்தைத்தான் சுட்டுவேன்.

அந்த நாற்பது நிமிடம்

வாயிலைக் கடந்ததும் மருத்துவர் துடிப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதில்லை. ஈறின் நிறம், அதை விரலால் அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் வேகம், தோலைக் கிள்ளி விட்டால் அது படியும் வேகம், வயிற்றில் குடல் அசையும் ஓசை ஆகியவை பார்க்கப்படுகின்றன. பிறகு குதிரையைக் கையில் பிடித்தபடி சமதரையில் ஓடச் செய்து, நடையில் நொண்டல் இருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். போட்டியை முடிக்காமல் வெளியேற்றப்படும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டத்தில்தான் சிக்குகின்றன.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கெரி ரிட்ஜ்வே வகுத்த ஒரு சோதனை இதோடு இணைந்தது. துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள், குதிரையைச் சுமார் 38 மீட்டர் தூரம் ஓட்டித் திருப்பிக் கொண்டுவருவார்கள், ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். நன்றாக இருக்கும் குதிரையில் இரண்டாம் எண் முதல் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும். நான்கோ அதற்கு மேலோ கூடியிருந்தால் மருத்துவரின் புருவம் உயரும். குளிர்ந்த நீரால் தற்காலிகமாக 64க்குக் கீழே இறக்கிக் கொண்டுவரப்பட்ட குதிரையின் உண்மை நிலை இந்த ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். கருவி எதுவும் தேவைப்படாத, ஸ்டெதஸ்கோப்பும் கைக்கடிகாரமும் மட்டுமே போதுமான இத்தனை கூர்மையான சோதனைகள் மருத்துவத்தில் அதிகமில்லை.

எஞ்சிய ஓய்வில் குதிரை தின்ன வேண்டும். இது உபசாரமன்று. குதிரையின் பெருங்குடல் ஒரு நீர்த்தேக்கம். புல்லும் வைக்கோலுமாக நார்ச்சத்து அங்கே தங்கும்போது, தன்னோடு நீரையும் உப்புகளையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடல் வறளும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஓய்வில் வாயைத் தொட்டியில் வைக்காத குதிரை அடுத்த சுற்றில் எப்படி ஓடும் என்பதை நல்ல சவாரியாளர் அப்போதே அறிந்துவிடுவார். வரிசையில் முன்னணியில் இருந்தும் அந்த இடத்திலேயே தாமாக விலகிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பரிசு கிடையாது. அவர்களுடைய குதிரைகள் அடுத்த ஆண்டும் ஓடுகின்றன.

ஓய்வு முழுக்க முழுக்க ஆதாயம் என்று எண்ணிவிடவும் கூடாது. வெகுநேரம் அசையாமல் நின்ற தசைகள் இறுகும். குளிர்காற்று வீசும் இடத்தில் ஈரத்தோடு நிற்கும் பின்தொடைகள் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கம்பளி போர்த்துகிறார்கள். இடையிடையே மெல்ல நடத்துகிறார்கள். புறப்பட்ட பிறகும் முதல் சில நிமிடங்களை நடையிலேயே கழிக்கிறார்கள். அந்த நடை கணக்கில் சேரும் நேரம்தான். அதைக் குறைத்து மிச்சம் பிடிக்க முயல்பவர்கள் அடுத்த வாயிலில் நொண்டும் குதிரையோடு வந்து நிற்கிறார்கள்.

ஆபர்னுக்குப் போகும் பாதை

ஓய்வு நேரம் சவாரிக் கணக்கில் சேராது என்று மேலே சொன்னது முன்னணியில் ஓடுபவர்களைப் பொறுத்த வரை சரி. கடைசியில் வருபவர்களின் நிலை வேறு. அதை விளங்கிக்கொள்ள, இந்த விளையாட்டின் தாய்ப்போட்டி எனத்தக்க கலிஃபோர்னியாவின் டெவிஸ் கோப்பையைப் பார்க்க வேண்டும்.

ஆபர்ன் நகர வணிகரான வெண்டல் ரோபி, இக்காலக் குதிரையாலும் ஒரே நாளில் 100 மைல் கடக்க முடியும் என்று காட்டுவதற்காக 1955இல் சில தோழர்களுடன் சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்தார். அது ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாக நிலைபெற்றது. வெல்ஸ் பார்கோ நிறுவனத்தின் தலைவராக இருந்த லாயிட் டெவிஸின் பெயர் கோப்பைக்குச் சூட்டப்பட்டது. டாஹோ ஏரியை ஒட்டிய மலைப்பகுதியிலிருந்து விடியற்காலை 5.15க்குப் புறப்பட வேண்டும். மறுநாள் காலை 5.15க்குள் ஆபர்னை அடைய வேண்டும். இரவில் மலைப்பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக முழுநிலவை ஒட்டிய சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 1974இல் கார்டி ஐன்ஸ்லி என்பவர் இதே பாதையைக் குதிரையில்லாமல் காலால் ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட, அதிலிருந்து மனிதர்களுக்கான புகழ்பெற்ற 100 மைல் ஓட்டமொன்று பிறந்தது தனிக்கதை.

இங்கே ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு இரண்டு உண்டு. முதலாவது 58 கி.மீ. அளவில் ராபின்சன் ஃபிளாட் என்னுமிடத்தில். இரண்டாவது 109 கி.மீ. அளவில் ஃபாரஸ்ட்ஹில்லில். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஆழமான பள்ளத்தாக்குகளில் பிற்பகல் வெயில் 38 டிகிரி செல்சியஸைக் கடப்பது அரிதன்று. முதலில் வருபவர்கள் அன்றிரவே ஆபர்னை எட்டிவிடுகிறார்கள். அவர்களைத் தரவரிசைப்படுத்தும்போது இந்த இரண்டு மணி நேரம் பொருட்படுத்தத்தக்கதன்று. கடைசியில் வருபவருக்கோ 24 மணி நேரம் என்பது ஓய்வையும் உள்ளடக்கிய வரம்பு. அவர் கையில் இருப்பது 22 மணி நேரம். மற்ற சோதனை நிலையங்களில் நின்று போவதற்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 20. நூறு மைலை அதற்குள் முடிக்க, ஏற்றத்திலும் இறக்கத்திலும் இருளிலும் மணிக்குச் சராசரியாக 8 கி.மீ. போக வேண்டும். சமதரையில் அது ஒன்றுமே இல்லை. ஒற்றையடி மலைப்பாதையில் அது கடினம். போதாததற்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிக் கெடு நேரம் உண்டு. குதிரை நலமாக இருந்தும், கெடுவைத் தவறவிட்டதால் வெளியேற்றப்படுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். புறப்பட்டவர்களில் பாதிப் பேர் அளவில்தான் முடிக்கிறார்கள்.

இந்தப் பின்வரிசையில் பழைய வியன்னா நியாயம் மறுபடி தலைகாட்டுகிறது. ஓய்வு இங்கே ஒருவகையில் செலவுதான். ஆயினும் அந்தச் செலவைக் குறைக்க யாராலும் முடியாது. மருத்துவர் குறுக்கே நிற்கிறார். கெடுவை எட்ட விரட்டப்படும் குதிரை வாயிலில் தணியாமல் நிற்கும். விரட்டியதன் பயன் அங்கேயே கரைந்துவிடும். ‘முடிப்பதே வெல்வது’ என்ற பொருள்பட அமெரிக்க அமைப்பினர் தம் முழக்கத்தை வைத்துக்கொண்டது இந்தப் பின்வரிசைக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் போலும்.

சமவெளியின் சிக்கல்

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் இந்த விளையாட்டு ஏன் அவப்பெயர் சுமக்கிறது? மலையில் பிறந்த விதிகள் பாலைவனச் சமவெளிக்குக் குடிபெயர்ந்ததில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. வளைகுடா நாடுகளில் சமன்செய்யப்பட்ட மணற்பாதை. பக்கவாட்டில் வண்டிகளில் தொடர்ந்து வரும் உதவியாளர்கள். இலகுவான எடையுள்ள சவாரியாளர்கள். இந்தச் சூழலில் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ.யைத் தாண்டியது. அந்தச் சராசரியில் 160 கி.மீ.யை 6 மணி 24 நிமிடத்தில் முடித்துவிடலாம். அங்கே கட்டாய ஓய்வு வேறொரு வேலையையும் செய்யத் தொடங்கியது. தணிந்து, தின்று, குடித்து வரும் குதிரை அடுத்த சுற்றை மீண்டும் பந்தய வேகத்தில் தொடங்க முடிகிறது. நீண்ட தொலைவுச் சவாரி, இடையிடையே இளைப்பாறல் கொண்ட பல குறும்பந்தயங்களின் தொடராக மாறிவிட்டது.

இதயத்துடிப்பு வெப்பத்தையும் வறட்சியையும் வலியையும் ஓரளவு காட்டும். எலும்பில் நுண்ணிய கீறல்கள் சேர்ந்துகொண்டிருப்பதைக் காட்டாது. பாதையிலேயே கால் எலும்பு முறிந்து குதிரைகள் கருணைக்கொலை செய்யப்பட்ட காட்சிகள் உலகெங்கும் பரவின. 2015 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்ற அமைப்பைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. 2016ஆம் ஆண்டின் உலகப் போட்டி துபாயிலிருந்து ஸ்லோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது. அதே அமீரகத்துக்குள், அபுதாபியின் பூதீப் திடலில் வேகத்துக்கு மணிக்கு 20 கி.மீ. என்று உச்சவரம்பு வைத்து, துடிப்பு அளவையும் இறுக்கி, குதிரையின் நலத்துக்கே பரிசு என்று மாற்றிக் காட்டிய முயற்சியும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பின்னர் பன்னாட்டு விதிகளும் இறுகின. ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையே கட்டாய ஓய்வு நாட்கள் நீட்டிக்கப்பட்டன.

இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆனால், கடிகாரம் பற்றிய ஓர் ஓட்டை இன்னமும் அடைபடவில்லை என்பதே என் கருத்து.

ஒவ்வொரு வாயிலிலும் தணியும் நேரம் சவாரிக் கணக்கில் சேர்கிறது என்று பார்த்தோம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது சேர்வதில்லை. அதுதான் முடிவுக்கோடு. பன்னாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றின் கடிகாரம் குதிரை கோட்டைக் கடந்ததும் நின்றுவிடுகிறது. அதன்பின் 20 நிமிடத்துக்குள் துடிப்பு இறங்கி, சோதனையில் தேறினால் போதும். மூன்றாவது நிமிடத்தில் தேறிய குதிரைக்கும் பத்தொன்பதாவது நிமிடத்தில் தேறிய குதிரைக்கும் தரவரிசையில் வேறுபாடு இல்லை. ஆகவே, ஐந்து சுற்றுகளில் நிதானத்துக்குக் கூலி கொடுத்த விதி, மிகவும் களைத்திருக்கும் ஆறாவது சுற்றில் அந்தக் கூலியை நிறுத்திவிடுகிறது. சமவெளிப் போட்டிகளில் கடைசிச் சுற்றின் வேகம் மணிக்கு 30 கி.மீ.யையும் தாண்டுவதற்குச் சவாரியாளரின் கல்நெஞ்சம் ஒன்றையே காரணம் காட்ட வேண்டியதில்லை. விதி அப்படி ஓடச் சொல்கிறது, அவர் ஓடுகிறார்.

மாற்று வழி கற்பனையில் மட்டும் இருப்பதன்று. அமெரிக்காவில் 25 முதல் 35 மைல் வரையிலான குறுந்தொலைவுச் சவாரிகளில், குதிரையின் துடிப்பு 60ஐ எட்டும் நொடியே முடிவு நேரமாகக் கொள்ளப்படுகிறது. கோட்டை முதலில் தொட்டவர் அங்கே வென்றவர் ஆகமாட்டார். அனுபவம் குறைந்தவர்களும் இளங்குதிரைகளும் பங்கேற்கும் பிரிவு என்பதால் இந்தக் காப்பு வைக்கப்பட்டது. 160 கி.மீ. ஓடி முடித்த குதிரைக்கு அதே காப்பு ஏன் தேவையில்லை என்பதற்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கோட்டை நோக்கி இருவர் தலைக்குத் தலை பாய்ந்து வரும் காட்சி பார்வையாளர்களுக்கு விருந்து. வென்றவர் யார் என்று அறிய ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துக் காத்திருப்பதில் அந்தப் பரபரப்பு இராது. வசதியான உதவிக் குழு உள்ளவருக்கு அது மேலும் சாதகமாகலாம் என்பதும் உண்மையே. அந்தச் சாதகம் இப்போதும் ஐந்து வாயில்களில் இருக்கத்தான் செய்கிறது. எலும்பு முறிவை இந்த மாற்றம் நேரடியாகத் தடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், கடைசிச் சுற்றின் வேகத்தை அது குறைக்கும். களைத்த கால்களுக்கு அதுவே சிறிய உதவியன்று.

டெவிஸ் போட்டியில் முதலில் வருபவருக்குக் கொடுக்கப்படும் கோப்பையைத் தவிர ஹாகின் கோப்பை என்று இன்னொன்று உண்டு. முதல் பத்து இடங்களுக்குள் முடித்த குதிரைகளில், மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு அது வழங்கப்படுகிறது. அதற்கான தேர்வு முடிவுக்கோட்டில் நடப்பதில்லை. குதிரைகள் இரவு தூங்கி எழுந்த பின், ஞாயிறு காலையில், ஆபர்ன் திடலில் மருத்துவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக நடக்கவும் ஓடவும் செய்து பார்க்கிறார்கள். முந்தைய நாளில் முதலில் வந்த குதிரைக்கே அது கிடைத்த ஆண்டுகளும் உண்டு. ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்ததற்குக் கிடைத்த ஆண்டுகளும் உண்டு. அந்தச் சவாரியாளர்கள் பலரும் இரண்டு கோப்பைகளில் எதை விரும்புவீர்கள் என்று கேட்டால், இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.